ஆட்சி எல்லைச் சிக்கல்: மதுரை மிஷனும் கத்தோலிக்க–ஆர்த்தடாக்ஸ் உரையாடலும்

கத்தோலிக்கத் திருச்சபை ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளோடு நடத்திவரும் ஒன்றிப்பு உரையாடல் இரண்டு தடங்களில் செல்கிறது. 1054ஆம் ஆண்டின் பிளவோடு சேர்த்துப் பேசப்படும் கான்ஸ்டாண்டிநோபிள், மாஸ்கோ, கிரேக்கம் முதலிய பைசாந்தியத் திருச்சபைகளோடு 1980இல் பத்மோஸ், ரோட்ஸ் தீவுகளில் தொடங்கிய இறையியல் உரையாடல் ஒரு தடம். 451இல் கூடிய கால்செதோன் பொதுச்சங்கத்தை ஏற்காத காப்டிக், சிரிய, ஆர்மீனிய, எத்தியோப்பிய, எரித்திரேய, மலங்கரைத் திருச்சபைகளோடு நடப்பது மற்றொன்று. இவை ஓரியண்டல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் எனப்படுகின்றன. இந்தியாவில் வேரூன்றிய ஆர்த்தடாக்ஸ் மரபு இந்த இரண்டாம் குடும்பத்தைச் சேர்ந்தது. கேரளத்து மார் தோமா கிறிஸ்தவர்களில் ஒரு பெரும் பகுதியினர் இதில் அடங்குவர்.

தமிழ்நாட்டில் 'கிறிஸ்தவ ஒன்றிப்பு' என்றவுடன் நினைவுக்கு வருவது கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் கைகோக்கும் காட்சிதான். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் அந்த முயற்சியின் அடையாளங்கள். ஆர்த்தடாக்ஸ் விவகாரம், மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைமையிடமான கோட்டயத்தோடு நின்றுவிடும் மலையாளிகளின் குடும்பச் சண்டை என்ற எண்ணம் மதுரைப் பக்கம் பரவலாக உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மதுரைச் சமவெளி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல், மார் தோமா கிறிஸ்தவர்களை ஆண்ட அதே கிராங்கனூர் பேராயத்தின் எல்லைக்குள் இருந்தது. கத்தோலிக்க–ஆர்த்தடாக்ஸ் உரையாடலை இன்றும் இழுத்துப் பிடிக்கும் சிக்கல்களில் முதன்மையானது எந்த மண் எந்த ஆயருக்கு உரியது என்ற கேள்வி. அது எப்படி உருவானது என்பதை மதுரையிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது.

போர்த்துகீசியர் வரும்வரை மலபார்க் கிறிஸ்தவர்களுக்கு ஆயர்கள் மெசொப்பொத்தேமியாவிலிருந்து, கிழக்குத் திருச்சபையிலிருந்து வந்தார்கள். வழிபாட்டு மொழி சிரியாக். உள்ளூர் நிர்வாகம் அர்ச்சிதியாக்கோன் என்ற தலைமைக் குருவின் கையில் இருந்தது. அந்த வரிசையின் கடைசி ஆயரான மார் ஆபிரகாம் 1597இல் இறந்ததும் கோவா பேராயர் அலெய்சு தெ மெனேசெசு விரைந்து செயல்பட்டார். 1599 ஜூன் 20 முதல் 26 வரை உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டி, கல்தேய முதுபெரும் தந்தையோடு இருந்த தொடர்பை அறுத்து, தப்பறை என்று கருதப்பட்ட சிரியாக் நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டார். அங்கே சாம்பலான ஏடுகளின் கணக்கை இன்று எவராலும் சொல்ல முடியாது. கேரளத்து ஆர்த்தடாக்ஸ் மக்களின் நினைவில் உரோமை என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்ட முதல் காட்சி அந்த நெருப்புதான்.

அந்தச் சங்கத்தின் பின்னணியில் இருந்த முக்கியமானவர்களில் ஒருவர் பிரான்சிஸ்கோ ரோஸ். கத்தலோனியாவைச் சேர்ந்த இயேசு சபைக் குரு, சிரியாக் நன்கறிந்தவர், மலபார் ஏடுகளில் நெஸ்தோரியத் தவறுகளைத் தேடிப் பட்டியலிட்டவர். மார் தோமா கிறிஸ்தவர்களுக்கு முதல் இலத்தீன் ஆயராக நியமிக்கப்பட்டவரும் இவரே. பின்னர் ஆயர்பீடம் அங்கமாலியிலிருந்து கிராங்கனூருக்கு மாறியது. மதுரை உள்நாடும் அதன் எல்லைக்குள் வைக்கப்பட்டது.

1606 நவம்பரில் மதுரை வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, மரக்கட்டைப் பாதுகை அணிந்து, சந்தனம் இட்டு, பூணூலை அனுமதித்து, தமிழும் வடமொழியும் கற்று, தன்னைத் துறவியாக அறிமுகப்படுத்திக்கொண்டார். கோவாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1595 முதல் மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாந்தசே குற்றச்சாட்டை எழுதி அனுப்பினார். நொபிலியின் பக்கம் உறுதியாக நின்றவர் ரோஸ். 1619இல் கோவாவில் கூடிய மாநாடு நொபிலிக்கு எதிராகத் திரும்பியபோதும் அவர் பின்வாங்கவில்லை. 1623 ஜனவரியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அளித்த தீர்ப்பு நொபிலிக்கு ஆதரவாக வந்தது. மறு ஆண்டு ரோஸ் இறந்தார்.

ஒரே ஆயர், ஒரே ஆட்சி எல்லை, இரண்டு அளவுகோல்கள். மதுரையில் பூணூலும் சந்தனமும் உள்ளூர்ப் பண்பாடு என்று ஏற்கப்பட்டன. மலைக்கு மேற்கே, ஆயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள சிரியாக் செபங்கள் தப்பறை என்று திருத்தப்பட்டன. முதலாவது, கிறிஸ்தவர் அல்லாதாரை ஈர்ப்பதற்கான வழி. இரண்டாவது, ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்தவர்களைக் கட்டுக்குள் கொண்டுவரும் வழி. புதிதாக வருபவருக்குக் காட்டிய பொறுமையை மூத்த சகோதரனுக்குக் காட்டவில்லை என்ற வருத்தம் மலங்கரை வரலாற்று எழுத்தில் இன்றும் ஓயவில்லை. அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு.

ரோசுக்குப் பின் வந்தவர்கள் காலத்தில் அழுத்தம் கூடியது. அகத்தல்லா என்ற கீழை ஆயர் மயிலாப்பூரில் பிடிபட்டு, கொச்சி வழியாகக் கொண்டுசெல்லப்பட்டபோது அவரைக் காண மக்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் கூடியவர்கள், இனி இயேசு சபை ஆயர்களுக்குக் கீழ்ப்படிவதில்லை என்று சூளுரைத்தார்கள். கூட்டம் பெரிது, எல்லோர் கையும் சிலுவையைத் தொட முடியவில்லை, அதில் கயிறு கட்டி, கயிற்றைப் பிடித்தபடி உறுதி எடுத்தார்கள் என்றும், இழுத்த இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்றும் மரபு சொல்கிறது. 'கூனன் குரிசு' என்ற பெயர் அதனால் வந்தது. அந்த உறுதிமொழி திருத்தந்தையையே மறுத்ததா, இயேசு சபையினரை மட்டும் மறுத்ததா என்பதில் கத்தோலிக்க ஆசிரியர்களும் ஆர்த்தடாக்ஸ் ஆசிரியர்களும் இன்னும் உடன்படவில்லை. அதே ஆண்டு மே மாதம் ஆலங்காட்டில் பன்னிரண்டு குருக்கள் கைவைத்து அர்ச்சிதியாக்கோன் தோமாவை முதலாம் மார் தோமா ஆக்கினர். 1665இல் எருசலேமிலிருந்து வந்த மார் கிரிகோரியோஸ் வழியே அந்தியோக்கியா சிரிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையோடு தொடர்பு ஏற்பட்டது. உரோமையின் கார்மேல் சபைக் குருக்களின் முயற்சியால் மற்றொரு பெரும் பகுதியினர் கத்தோலிக்க ஒன்றிப்புக்குத் திரும்பினர். இன்றைய சீரோ மலபார் திருச்சபை அவர்கள் வழி வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, பிளவின் போது கிறிஸ்துவின் இயல்பு பற்றிய கால்செதோன் வாதம் எவர் வாயிலும் இல்லை என்பதுதான். கிழக்குத் திருச்சபை ஆயர்களின் கீழ் இருந்த மக்கள், அந்தத் திருச்சபைக்கு நேரெதிர்க் கோட்பாட்டு மரபான அந்தியோக்கியாவுக்குச் சென்றது, தங்களை ஆள ஒரு கீழை ஆயர் தேவை என்பதற்காக. கோட்பாட்டு வேறுபாடு பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

மீண்டும் ஒன்றுசேர விருப்பம் இல்லாமலும் இல்லை. ஆறாம் மார் தோமா, அதாவது முதலாம் மார் தியோனீசியோஸ், உரோமையோடு இணைய விரும்பினார். அவர் சார்பாகக் கத்தோலிக்கக் குருக்களான யோசேப்பு கரியாட்டிலும் தோமா பாறேம்மாக்கலும் 1778இல் தமிழகம் வழியாகச் சென்னை சென்று கப்பலேறினார்கள். பாறேம்மாக்கல் எழுதிய 'வர்த்தமானப்புஸ்தகம்' அந்தப் பயணத்தின் பதிவு. லிஸ்பனில் கரியாட்டில் கிராங்கனூர் பேராயராக நியமிக்கப்பட்டார். நொபிலி வழிவந்த மதுரை மிஷனும் சேர்ந்த பேராயம் அது. உள்ளூர் மனிதர் ஒருவர் ஆளவிருந்தார். ஆனால் 1786இல் கோவாவில் இறங்கியதோடு அவர் வாழ்வு முடிந்தது. மார் தியோனீசியோஸ் 1799இல் கத்தோலிக்க ஒன்றிப்பில் சேர்ந்து, ஆறு மாதத்தில் விலகினார். அவருடைய எதிர்பார்ப்பு தன் மக்களுக்குத் தானே ஆயராக இருப்பது. மிஷனரி அமைப்பு அதற்கு இடம் தரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே நாடகம், இம்முறை இலத்தீன் மரபுக் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே, மதுரைச் சமவெளியில் நடந்தது. ஆயர்களை முன்மொழியவும் கோயில்களைப் பேணவும் போர்த்துகீசிய மன்னருக்கு இருந்த 'பதுரவாதோ' உரிமையை உரோமை படிப்படியாகக் குறைக்க முயன்றது. 1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டபின் மதுரை மிஷனின் பல ஊர்களைக் கவனித்துவந்தவர்கள் கோவா குருக்கள். 1837–38இல் பிரெஞ்சு இயேசு சபையினர் திரும்பி வந்தார்கள். 1838 ஏப்ரலில் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி வெளியிட்ட ஆணை கிராங்கனூர், கொச்சி, மயிலாப்பூர் ஆயர்பீடங்களின் அதிகாரத்தை நிறுத்தியது. ஆணையின் உண்மைத்தன்மையைக் கோவா குருக்கள் கேள்விக்குள்ளாக்கினர். கோயில் சாவி யாரிடம், திருவிழாக் கொடியை யார் ஏற்றுவது, காணிக்கை எவருக்கு என்று ஊர் இரண்டுபட்டது. வழக்குகள் ஆங்கிலேய நீதிமன்றம் ஏறின. சாதிப் பிணக்குகளும் இதில் புகுந்துகொண்டன. ஒரு கட்சி ஒரு குருவின் பக்கம் போனால் மறு கட்சி எதிர்க் குருவைத் தேடியது. எல்லோரும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னவர்கள், ஒரே இலத்தீன் பூசை கண்டவர்கள்.

1886இல் போர்ச்சுகலும் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரும் செய்துகொண்ட உடன்படிக்கை பதுரவாதோ எல்லையை மேலும் சுருக்கியது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பழைய ஆட்சியை விடமறுத்தவர்கள் மாற்று வழி தேடினார்கள். கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவான அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் ஆல்வரெஸ் 1889 ஜூலை 29 அன்று கோட்டயத்தில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் ஆயர்களிடம் திருநிலைப்பாடு பெற்று, மார் யூலியோஸ் என்ற பெயரில் கோவா, இலங்கை ஆகியவற்றுக்கு ஆயரானார். பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட பருமலை மார் கிரிகோரியோசும் கைவைத்தவர்களில் ஒருவர். கொழும்பு புதுக்கடையில் நல்மரண மாதா ஆலயம் இந்தக் குழுவின் மையமாயிற்று. கர்நாடகத்துப் பிரம்மாவரில் இலத்தீன் வழிபாட்டோடு ஆர்த்தடாக்ஸ் ஆயருக்குக் கீழ் ஒரு சமூகம் உருவானது. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் சமூகம் அதன் வழிவந்தது.

மதுரை மாவட்டப் பதுரவாதோ பிரிவினரிடையே இயங்கிய லூயிஸ் மரியானோ சோவாரெஸ் வேறொரு திசையில் போனார். 1899இல் திருச்சூர்க் கிழக்குத் திருச்சபை வழிவந்த ஆயரிடம் பட்டம் பெற்று மார் பசிலியோஸ் ஆனார். 1902 நவம்பரில் வெர்னன் ஹெர்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் தென்னிந்தியாவுக்கு வந்து அவரிடமே ஆயர் பட்டம் பெற்றுத் திரும்பினார். பிரம்மாவர் நீங்கலாக இச்சிறு குழுக்கள் கரைந்துபோயின. ஆனால் உரையாடலைப் படிப்பவருக்கு இவை தரும் செய்தி பெரிது. பரிசுத்த ஆவி எவரிடமிருந்து புறப்படுகிறார், கிறிஸ்துவுக்கு எத்தனை இயல்பு என்ற கேள்விகளில் மனம் மாறி இவர்கள் ஆர்த்தடாக்ஸ் ஆகவில்லை. தங்கள் கோயிலை எந்த ஆயர் ஆள்வது என்ற தகராறு அவர்களைக் கோட்டயத்துக்கும் திருச்சூருக்கும் அழைத்துச் சென்றது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. அதன் காயம் இன்னும் ஆறவில்லை. 1912இல் நிரணத்தில் கத்தோலிக்கோஸ் என்ற தலைமை ஆயருக்குத் தனிப் பீடம் நிறுவப்பட்ட பிறகு மலங்கரைத் திருச்சபை, அந்தியோக்கியா முதுபெரும் தந்தையின் கட்சி, கத்தோலிக்கோசின் கட்சி என்று பிளந்து வழக்காடியது. பெத்தனி ஆசிரமத்தை நிறுவிய மலங்கரை ஆயர் மார் இவானியோஸ் இந்தச் சண்டையில் சலித்து, 1930 செப்டம்பர் 20 அன்று கொல்லத்தில் மார் தெயோபிலோசோடு கத்தோலிக்க ஒன்றிப்பில் சேர்ந்தார். மேற்கு சிரியாக் வழிபாட்டை அப்படியே வைத்துக்கொண்ட சீரோ மலங்கரைக் கத்தோலிக்கத் திருச்சபை இப்படிப் பிறந்தது. கத்தோலிக்கர் இதை 'மறுஒன்றிப்பு' என்பர். ஆர்த்தடாக்ஸ் தரப்பு இதைத் தன் வீட்டுக்குள் புகுந்து பிள்ளைகளைக் கூட்டிப்போன செயலாகப் பார்க்கிறது. பைசாந்தியத் திருச்சபைகளுக்கும் இதே மனக்குறை உண்டு. உக்ரைன், ருமேனியா நாடுகளின் கிரேக்கக் கத்தோலிக்கர் அங்கே இந்தச் சிக்கலின் வடிவம். 1993இல் லெபனானின் பலமாந்தில் கூடிய கூட்டு ஆணையம், பகுதி பகுதியாக ஆர்த்தடாக்ஸ் மக்களை உரோமையோடு இணைக்கும் பழைய முறை இனி ஒன்றிப்புக்கு வழியாகாது என்றது. அதேசமயம் ஏற்கெனவே உள்ள கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைகள் நிலைத்திருக்க உரிமை உண்டு என்றும் ஒப்புக்கொண்டது. 2000இல் அமெரிக்காவில் இதே பொருளில் கூடிய கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. கேரளத்தில் இந்தச் சிக்கல் பெயரில்கூடத் தெரிகிறது. 2005இல் உயர் பேராயத் தகுதி பெற்ற சீரோ மலங்கரைத் திருச்சபையின் தலைவர் 'கத்தோலிக்கோஸ்' என்று அழைக்கப்படுவதை ஆர்த்தடாக்ஸ் தரப்பு ஏற்கவில்லை.

கோட்பாட்டுப் பக்கம் வேலை எதிர்பாராத வேகத்தில் முடிந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று ஒன்றிப்பு பற்றிய ஆணையையும் கீழைத் திருச்சபைகள் பற்றிய ஆணையையும் ஒரே நாளில் வெளியிட்டது. வியன்னாவின் 'புரோ ஓரியன்தே' நிறுவனம் 1971 முதல் நடத்திய அதிகாரபூர்வமற்ற சந்திப்புகளில் கத்தோலிக்க இறையியலாளரும் ஓரியண்டல் ஆர்த்தடாக்ஸ் இறையியலாளரும் கால்செதோன் முடிச்சை அவிழ்த்தனர். மலங்கரையின் பவுலோஸ் மார் கிரிகோரியோஸ் இதில் முக்கியப் பங்கேற்றார். 'ஒரே இயல்பு' என்று அலெக்சாந்திரியா மரபு சொன்னது, இறைமையும் மனிதமும் ஒன்றில் மற்றொன்று கரைந்துபோன நிலையை அல்ல. 'இரண்டு இயல்பு' என்று கால்செதோன் சொன்னது, இரண்டு ஆட்களை அல்ல. முழு இறைவனும் முழு மனிதனுமான ஒரே கிறிஸ்துவில் இரண்டும் குழப்பமின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி இணைந்துள்ளன என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போயின. திருத்தந்தை ஆறாம் பவுலும் அந்தியோக்கியாவின் மூன்றாம் யாக்கோபும் 1971இலும், அதே திருத்தந்தையும் காப்டிக் திருச்சபையின் மூன்றாம் ஷெனூடாவும் 1973இலும் கூட்டறிக்கை வெளியிட்டனர். கத்தோலிக்கோஸ் முதலாம் மாத்யூஸ் 1983இல் உரோமை சென்றார். 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கோட்டயத்தில் அவரைச் சந்தித்தார். 1989 அக்டோபரில் கோட்டயத்தில் இரு திருச்சபைகளின் கூட்டு ஆணையம் முதன்முறையாகக் கூடியது. அடுத்த ஆண்டு பெந்தகோஸ்து நாளான ஜூன் 3 அன்று கிறிஸ்துவியல் உடன்பாடு வெளியானது. பதினைந்து நூற்றாண்டுப் பிணக்கு, கோட்பாட்டளவில், சில பக்கங்களில் முடிந்தது.

முடிந்தபின் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. நற்கருணைப் பந்தியில் இரு தரப்பும் ஒன்றாக அமரவில்லை. கால்செதோன் ஒப்புக்காக முன்னிறுத்தப்பட்ட காரணம் போலத் தோன்றும் அளவுக்கு, அதைத் தீர்த்த பின்னும் நிலைமை அப்படியே நின்றது. விசுவாசப் பிரமாணத்தில் 'மகனிடமிருந்தும்' என்று இலத்தீன் மரபு சேர்த்த சொல், மரியாவின் அமலோற்பவம், விண்ணேற்பு பற்றி உரோமை 1854, 1950 ஆண்டுகளில் செய்த வரையறைகள் போன்றவை பேசித் தீர்க்கக்கூடியவை என்றே ஆணையங்கள் நடத்துகின்றன. அசையாமல் நிற்பது உரோமை ஆயரின் முதன்மை. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம், திருத்தந்தைக்கு உலகத் திருச்சபை முழுவதிலும் நேரடி ஆட்சி அதிகாரம் உண்டு என்று வரையறுத்தது. ஆர்த்தடாக்ஸ் தரப்பு அன்பில் முதல்வராக, வரிசையில் முதல் ஆயராக உரோமையை மதிக்கத் தயார். தன் மறைமாவட்டத்துக்குள் கை நீட்டும் அதிகாரத்தை ஏற்கத் தயாரில்லை. 2007இல் ரவென்னாவில் பைசாந்தியத் தரப்பு, உலக அளவிலும் ஒரு 'முதல்வர்' உண்டு, பழைய வரிசைப்படி அது உரோமை என்று ஒப்புக்கொண்டது. அவருக்குரிய அதிகாரம் எது என்பதைத் திறந்து வைத்தது. மாஸ்கோ பிரதிநிதிகள் எஸ்தோனியப் பிரச்சினையை முன்னிட்டு அக்கூட்டத்திலிருந்து வெளியேறினார்கள். அதுவும் ஆட்சி எல்லைத் தகராறே. 1995இல் இரண்டாம் யோவான் பவுல் தன் பணியை எப்படிச் செய்யலாம் என்று பிற திருச்சபைகளிடமே கருத்துக் கேட்டார். வந்த பதில்களைத் தொகுத்து 2024 ஜூனில் வத்திக்கான் ஓர் ஆய்வேடு வெளியிட்டது.

மலங்கரையில் இந்தக் கேள்விக்கு இன்னொரு சுற்று உண்டு. கத்தோலிக்கோஸ் திருத்தூதர் மார் தோமாவின் அரியணையில் அமர்ந்தவர் என்ற உணர்வு மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு ஆழமானது. 1970இல் அந்தியோக்கியா முதுபெரும் தந்தை, தோமா குருவே அல்லர், அவருக்கு அரியணை எப்படி வந்தது என்ற பொருளில் எழுதிய கடிதம் கேரளத்தில் கொந்தளிப்பை உண்டாக்கியது. 1958இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு ஒட்டியிருந்த இரு கட்சிகளும் 1975க்குள் மீண்டும் பிரிந்தன. பேதுருவின் அரியணை எல்லோருக்கும் மேல் என்று அந்தியோக்கியா சொன்னபோதே கொதித்தவர்களிடம், அதையே உரோமை சொன்னால் என்ன பதில் வரும் என்பது எளிதில் விளங்கும்.

இந்தப் பிரிவினால் கத்தோலிக்கத் தரப்பு ஒரே வீட்டின் இரண்டு அறைகளோடு தனித்தனியாகப் பேச வேண்டியுள்ளது. மலங்கரை ஆர்த்தடாக்சோடு ஓர் ஆணையம், அந்தியோக்கியாவின் கீழுள்ள யாக்கோபாய சிரிய ஆர்த்தடாக்சோடு 1990 டிசம்பரில் தொடங்கிய மற்றோர் ஆணையம். விசுவாசத்திலும் வழிபாட்டிலும் அந்த இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. ஆனால் 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம், மலங்கரைப் பங்குகள் அனைத்தும் 1934ஆம் ஆண்டு அமைப்புச் சட்டப்படியே ஆளப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தபின் கோயில் வாசல்களில் காவல்துறை நின்றது. 2019இல் ஆலப்புழை மாவட்டம் கட்டச்சிறையில் ஒரு மூதாட்டியின் உடல், கல்லறையில் எந்தத் தரப்புக் குரு அடக்கச் சடங்கு செய்வது என்ற தகராறில், ஒரு மாதத்துக்கும் மேல் குளிர்பெட்டியில் காத்திருந்தது. அடுத்த ஆண்டு கேரள அரசு அடக்க உரிமைக்காகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மதுரை மிஷன் ஊர்களில் 1840களில் கோயில் சாவிக்காக நடந்த சண்டையைப் படித்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

யாக்கோபாயத் தரப்போடு நடைமுறையில் அதிகம் நகர்ந்தது. 1984 ஜூன் 23 அன்று இரண்டாம் யோவான் பவுலும் முதுபெரும் தந்தை முதலாம் சக்கா இவாசும் வெளியிட்ட அறிக்கை, சொந்தக் குருவை அணுக முடியாத நிலையில் ஒப்புரவு, நற்கருணை, நோயில்பூசுதல் ஆகியவற்றை மற்ற திருச்சபையின் குருவிடம் பெற அனுமதித்தது. 1994 ஜனவரியில் கேரளத்தில் கலப்புத் திருமண உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. மணமக்கள் தத்தம் திருச்சபையிலேயே நீடிக்கலாம். இரு ஆயர்களின் இசைவோடு மணமகன் அல்லது மணமகளின் கோயிலில் திருமணம் நடக்கலாம். மற்ற குரு வந்து செபத்தில் பங்கேற்கலாம், ஆனால் இருவரும் சேர்ந்து திருமணத்தை நடத்துவதில்லை. திருமணத்துக்காக ஒருவர் சபை மாறியாக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை இது நீக்கியது. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையோடு இதற்கு ஈடான திருமண உடன்பாடு இல்லை. அங்கே கோயில்களையும் கல்லறைகளையும் பகிர்ந்துகொள்வது பற்றியே பேச்சு முன்னேறியது. 2013 செப்டம்பரில் தன்னைச் சந்தித்த கத்தோலிக்கோஸ் இரண்டாம் பவுலோசிடம் திருத்தந்தை பிரான்சிஸ் இதை நினைவுகூர்ந்தார்.

நற்கருணையில் இரு தரப்பின் கணக்கு ஒத்துவராதது அன்றாடச் சிக்கல். கத்தோலிக்கச் சட்டத்தின் 844ஆம் விதி, ஆர்த்தடாக்ஸ் விசுவாசி தானே கேட்டு, தக்க மனநிலையோடு வந்தால் கத்தோலிக்கக் குரு நற்கருணை வழங்கலாம் என்கிறது. மதுரையில் படிக்க வந்த மலங்கரை ஆர்த்தடாக்ஸ் மாணவிக்கு அருகிலுள்ள கத்தோலிக்கக் கோயிலின் கதவு இப்படித் திறந்திருக்கிறது. அவருடைய சொந்தத் திருச்சபையின் கணக்கில் நற்கருணை ஒன்றிப்பின் முடிவில் வருவது; வழியில் கிடைப்பதன்று. கத்தோலிக்கர் இதைத் தாராளம் என்று எண்ணுகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் தரப்பில் சிலர் இதையே மென்மையான இழுப்பு என்று சந்தேகிக்கிறார்கள். 1930ஐ மறக்காதவர்களின் சந்தேகம் அது.

உரோமையோடு ஒன்றினால் தங்கள் தனித்தன்மை என்ன ஆகும் என்று அறிய ஆர்த்தடாக்சார் ஆவணங்களைப் புரட்டுவதைவிட, ஏற்கெனவே ஒன்றியிருக்கும் கீழைக் கத்தோலிக்கரின் நிலையைப் பார்க்கிறார்கள். நீண்ட காலம் கேரளத்துக்கு வெளியே சீரோ மலபார் மக்களுக்குத் தங்கள் மரபின் ஆயர் கிடைப்பது அரிதாக இருந்தது; இலத்தீன் ஆயர்களே எதிர்த்தார்கள். 2017 அக்டோபரில் பிரான்சிஸ் இந்திய ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், அத்திருச்சபைக்கு நாடு முழுவதும் மேய்ப்புப் பணி உரிமை தந்து ஓசூர், ஷம்ஷாபாத் மறைமாவட்டங்களை ஏற்படுத்தினார். தமிழ்நாட்டில் இதன் முன்னோட்டம் கன்னியாகுமரி மாவட்டம்: 1996இல் தக்கலையில் சீரோ மலபார், மார்த்தாண்டத்தில் சீரோ மலங்கரை, முன்பே கோட்டாறு, 2014 முதல் குழித்துறை என இரண்டு இலத்தீன் மறைமாவட்டங்கள். மதுரை உயர்மறைமாவட்டத்தின் கீழ் வருபவை இலத்தீன் மரபின் இரண்டு மட்டும். ஒரே மாவட்டத்தில் நான்கு கத்தோலிக்க ஆயர்கள், மூன்று மரபுகள். ஒரு நகரில் இரு ஆயர்கள் இருக்கலாகாது என்று 325இல் நீசேயா சங்கம் எட்டாம் விதியில் சொன்னதை ஆர்த்தடாக்ஸ் இறையியலாளர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். கத்தோலிக்கர் இதற்கு மரபுகளின் பன்மை என்ற பதில் வைத்திருக்கிறார்கள். பதில் போதுமானதா என்பது வேறு. 2021க்குப் பின் எர்ணாகுளம்–அங்கமாலியில் திருப்பலி முறை குறித்து எழுந்த மோதலையும் கோட்டயம் கவனித்துவருகிறது; உரோமை எந்த அளவு தலையிடுகிறது, எந்த அளவு ஆயர் மன்றத்திடம் விடுகிறது என்பது அவர்களுக்குப் பாடம்.

வெளியுலகச் சூழலும் சாதகமாக இல்லை. உக்ரைன் விவகாரத்தில் 2018இல் மாஸ்கோ கான்ஸ்டாண்டிநோபிளோடு உறவை முறித்ததிலிருந்து, பைசாந்தியத் தடத்தில் மிகப் பெரிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை மேசைக்கு வருவதில்லை. ஓரியண்டல் தடத்தில் 2004 முதல் உலக அளவிலான ஆணையம் கூடி, 2009இல் திருச்சபையின் இயல்பு பற்றியும், 2015இல் பழங்காலத் திருச்சபைகளின் உறவு பற்றியும், 2022இல் அருளடையாளங்கள் பற்றியும் மூன்று ஆவணங்களை ஏற்றுக்கொண்டது. 2023 டிசம்பரில் ஒரே பாலின இணையர்க்கு ஆசி வழங்குவது பற்றி வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையை முன்னிட்டு, 2024 மார்ச்சில் காப்டிக் ஆயர் மன்றம் உரையாடலை நிறுத்திவைத்தது. அறுபது ஆண்டு நெருக்கத்துக்கு ஒரே அறிக்கை தடை போட்டது.

மலங்கரைத் தடம் உயிரோடு இருக்கிறது. 2023 செப்டம்பரில் கத்தோலிக்கோஸ் மூன்றாம் மாத்யூஸ் வத்திக்கானில் பிரான்சிஸைச் சந்தித்தார். ஆனால் அங்கே மேசையில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் மேய்ப்புப்பணிச் சங்கதிகள்: திருமணம், கல்லறை, சொந்தக் கோயில் இல்லாத ஊரில் ஞாயிறு குர்பானா என்னும் திருப்பலிக்கு இடம். கோட்டயத்திலும் பத்தனந்திட்டையிலும் கோயில்களுக்குப் பஞ்சம் இல்லாததால் அங்கே இவை அவசரமாகத் தோன்றுவதில்லை. வேலைக்கும் படிப்புக்கும் வந்து சிதறி வாழும் சில ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் மட்டும் உள்ள மதுரை போன்ற சமவெளி நகரங்களில்தான் கோயிலையும் கல்லறையையும் பகிரும் ஏற்பாட்டுக்கு நடைமுறைப் பொருள் உண்டு. அதைச் செயல்படுத்துவது, உடன்பாட்டில் கையெழுத்திடாத உள்ளூர் இலத்தீன் ஆயரின் இசைவையும் பங்குக் குருவின் விருப்பத்தையும் பொறுத்திருக்கிறது.